சேர்வராயன் மலையில் மூன்று நாள் நடை: பையின் எடையை எங்கே குறைப்பது? என்ன சாப்பாடு கொண்டுபோவது?

கன்னங்குறிச்சி_நடை

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்ததும் நானும் இரண்டு நண்பர்களும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறி, நாகலூர் பக்கம், சேர்வராயன் கோவில் எல்லாம் நடந்து பார்த்துவிட்டு, குப்பனூர் வழியாக இறங்கலாம் என்று இருக்கிறோம். மூன்று பகல், இரண்டு இரவு. இரண்டு இரவும் தெரிந்தவர்களின் காப்பித் தோட்டத்தில், கேட்டு அனுமதி வாங்கித்தான், தங்குகிறோம். அடுத்த வருஷம் இமயமலைப் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. அதற்கு இது ஒரு பழக்கமாக இருக்கட்டும் என்பது எண்ணம்.

பையை அடுக்கி நிறுத்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றாமலே 14 கிலோ. 65 லிட்டர் பேக் 2.2 கிலோ, மூன்று பேர் படுக்கும் டென்ட் 2.9, ஸ்லீப்பிங் பேக் 1.6, யோகா மேட் 1.1, துணிமணி 2.1, ஸ்டவ், சிலிண்டர், பாத்திரம் எல்லாம் சேர்த்து 1.3. மீதி சாப்பாடும் சில்லறைச் சாமானும். எடை குறைந்த வெளிநாட்டுப் பை ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும் என்கிறான் நண்பன். விலையைப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_தராசு

தம்பி, பையை இப்போது வாங்காதீர்கள். அது கடைசியில் வாங்க வேண்டியது. உள்ளே போகும் சாமான் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் எத்தனை லிட்டர் பை வேண்டும் என்பதே தெரியும். எடை குறைந்த பைகளில் பலவற்றில் முதுகுப் பக்கம் பையைத் தாங்கும் உள்சட்டம் கிடையாது. 8, 10 கிலோ வரை தோளுக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் உங்கள் பழைய 2.2 கிலோ பையைவிட அதிகமாக வலிக்கும்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றும் நடக்க நடக்கக் குறைபவை. அவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நிறுத்தால் வருவதுதான் பேஸ் வெயிட். அது 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட், 4.5 கிலோவுக்குள் வந்தால் அல்ட்ராலைட் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 20 பவுண்டு, 10 பவுண்டு என்று வைத்த எல்லை அது. நாம் கிலோவில் சொல்கிறோம்.

எனக்கு வெள்ளிப் பட்டறை வேலை. கிராமுக்கும் கீழே நிறுத்துப் பழகிய கை என்பதால் சொல்கிறேன்: மொத்தமாக நிறுப்பதில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பொருளாகத் தராசில் வையுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். சோப்பு டப்பா, பேஸ்ட் ட்யூப், சாவிக்கொத்து, பை உறை, எல்லாம். பெரிய சாமான் எடை எல்லோருக்கும் தெரியும். இந்தச் சில்லறை எல்லாம் கூடி ஒன்றரைக் கிலோ ஆவதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

உங்கள் பட்டியலிலேயே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. மூன்று பேர் டென்ட் முழுதும் உங்கள் பையில் ஏன்? துணி ஒருவர், கம்பி ஒருவர், மேல் உறையும் முளைகளும் ஒருவர் என்று பிரித்தால் ஆளுக்கு ஒரு கிலோகூட வராது. ஸ்டவ்வும் அப்படித்தான்.

இமயம்_போன_ஓமலூரான்

தராசு அண்ணன் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பை, டென்ட், படுக்கை. இந்த மூன்றில்தான் பாதி எடை உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கணக்கில் 14 கிலோவில் 7.8 கிலோ இந்த மூன்றும்தான். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டென்டுக்குப் பதில் டார்ப், அதாவது கூரை மாதிரிக் கட்டும் தார்ப்பாய், கட்டிப் படுக்கலாம். கெட்டியான கட்டுமானத் தார்ப்பாய் வேண்டாம். 90 ஜிஎஸ்எம் என்று கேட்டு வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 90 கிராம் என்று அர்த்தம். 3×4 மீட்டர் துண்டு 1,080 கிராம். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். கயிறு, முளை சேர்த்து 1.4 கிலோ. அதை மூன்றால் வகுத்தால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பிறகு கையில் காசு சேர்ந்தால் சிலிக்கான் பூசிய நைலான் துணியில் தைத்துக்கொள்ளலாம். அது ஏறக்குறைய 50 ஜிஎஸ்எம்.

யோகா மேட்டை வீட்டிலேயே விடுங்கள். பார்சல் கட்டும் வெள்ளை ஃபோம் ஷீட், இபிஇ என்பார்கள், சோபா தைக்கும் கடைகளிலும் பேக்கிங் சாமான் கடைகளிலும் ரோலாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஆள் நீளத்துக்கு வெட்டினால் 200 கிராம் சுற்றித்தான் வரும். தரைக் குளிரை நன்றாகத் தடுக்கும். நாளானால் நசுங்கிவிடும், ஆனால் மாற்ற ஆகும் செலவும் குறைவு. உள்சட்டம் இல்லாத பையில் இதையே சுருட்டி உள்ளே நிறுத்தி வைத்தால் முதுகுக்குச் சட்டமாகவும் ஆகும்.

காசுதான் எடையைக் குறைக்கும் என்று நினைக்க வேண்டாம். எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955-இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் தைத்த ஒரு துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் கேன்வாஸ் ஷூ, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை. டென்டே கிடையாது.

காப்பிக்காடு

நான் மேலே ஏற்காட்டில் இருப்பவன். சாமான் பேச்சுக்கு முன்னால் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் தங்குவது சரி. ஆனால் பாதை எங்காவது வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் நுழைகிறதா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்து, முன்பதிவும் வழிகாட்டியும் கொடுக்கிறது. காட்டுக்குள் நடக்க ஆசை இருந்தால் அந்த வழியில் வாருங்கள். தார் ரோடும் ஊர்ப் பாதையும் தோட்டப் பாதையும் என்றால், நிலத்துக்காரர்களின் சம்மதம் போதும்.

அடுத்தது நெருப்பு. தை மாதம் இங்கே காப்பிப் பழம் பறிப்பு. மழை நின்றிருக்கும், சில்வர் ஓக் இலை காலடியில் சருகாகக் கிடக்கும். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி தப்பு. பட்டா நிலத்திலும் என் தோட்டமாக இருந்தால் மரத்தடியில் ஸ்டவ் பற்றவைக்க விடமாட்டேன். வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காப்பி காயும் களத்தில் டென்ட் அடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் தரை சமமாக இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது ஒரு வருஷ உழைப்பு காயும் இடம்.

குளிர் பற்றி: சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். அதனால் இரண்டு ஊருக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் எப்போதும் உண்டு. தை மாத விடியலில் 12, 13 டிகிரிக்கு வரும். பனி நன்றாக இறங்கும். 1.6 கிலோ ஸ்லீப்பிங் பேக் இதற்குத் தேவையில்லை. 10 டிகிரி வரை தாங்குவது என்று போட்டிருக்கும் 900 கிராம், ஒரு கிலோ பேக் போதும். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு அதற்குள் படுத்தால் கதகதப்பாக இருக்கும்.

அம்மாபேட்டை_சமையல்

சாப்பாட்டுப் பக்கம் நான் வருகிறேன். இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசையாக இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

எடை குறைய வேண்டும் என்றால் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரைச் சுமக்கக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம். இட்லியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். சோற்றில் 100 கிராமுக்கு 130 கலோரிதான் வரும். வேர்க்கடலையில் அதே 100 கிராமுக்கு 560-க்கு மேல். எள்ளும் அந்த அளவுதான். கொப்பரை 660. எண்ணெய், நெய் என்றால் 900-ஐ நெருங்கும். அவல், வெல்லம், பொட்டுக்கடலை எல்லாம் 350, 380 என்று நடுவில் நிற்கும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டு டப்பாக்களைப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர்கள் பாக்கெட்டில் காயவைத்து விற்பதற்கு ஈடாக நம் அடுக்களையில் எல்லாமே இருக்கிறது.

ஒரு ஆளுக்கு ஒரு நாள் கணக்கு சொல்கிறேன். கெட்டி அவல் 150 கிராம், வறுத்த வேர்க்கடலை 100, கடலை மிட்டாய் 100, பொட்டுக்கடலை மாவில் பிடித்த உருண்டை 100, வெல்லம் 50, பால் பவுடர் 50, கொப்பரைத் துண்டு 30. கூட்டினால் 580 கிராம். கலோரி ஏறக்குறைய 2,600. முதல் நாள் மலை ஏறுகிறீர்கள், அன்றைக்கு மதியத்துக்கு மட்டும் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். கனமாக இருந்தாலும் மதியத்தோடு தீர்ந்துவிடும். புளிசாதத்தோடு நடக்காத மலை மலையே இல்லை என்பது என் கட்சி.

அவலை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் முக்கியம். மெல்லிசு அவல் ஐந்து நிமிஷத்தில் ஊறிக் கூழாகிவிடும். கெட்டி அவல் வாங்குங்கள். பச்சைத் தண்ணீரில் 15, 20 நிமிஷம் ஊறினால் பதமாக இருக்கும். சிவப்பு அவலுக்கு இன்னும் நேரம் வேண்டும். வீட்டில் நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும் வரை சுண்டவைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறிய அவலில் ஒரு கரண்டி கலந்தால் இரவுச் சாப்பாடு தயார். காலையில் அதே அவல், பால் பவுடர், வெல்லம், கொப்பரைத் துருவல். நெருப்பே வேண்டாம். ஸ்டவ், சிலிண்டர், பாத்திரம் என்று நீங்கள் எழுதியிருக்கும் 1.3 கிலோ அப்படியே போய்விடும். ஊறவைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஸ்பூன் போதும்.

கன்னங்குறிச்சி_நடை

அக்கா, அருமை. ராகி மாவு, சத்துமாவு எடுத்துக்கொண்டு போய் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாமா? அப்புறம், நம் ஊர் ஜவ்வரிசி?

அம்மாபேட்டை_சமையல்

ராகி மாவைப் பச்சையாகக் கரைத்துக் குடிக்காதீர்கள், வயிறு கெடும். அது வேக வேண்டிய மாவு. கடையில் வாங்கும் சத்துமாவும் பெரும்பாலும் கஞ்சி காய்ச்சத்தான். பொட்டுக்கடலை மட்டும் ஏற்கெனவே பொரிந்தது, மாவாக்கி அப்படியே சாப்பிடலாம். அதனால்தான் அதைச் சொன்னேன். புரதமும் அதில் நன்றாக இருக்கிறது. ராகிதான் வேண்டும் என்றால் வீட்டிலேயே நெய்யில் நன்றாக வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டையாக்கிவிடுங்கள்.

ஜவ்வரிசி நம் மாவட்டத்தின் பெருமை. 1981-இலிருந்து ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இங்கே சேலத்தில் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் மரவள்ளி போட்டவர்கள் உண்டு. ஆனால் நடைக்கு அது வேண்டாம். முழுக்க மாவுச்சத்து, புரதம் கிடையாது என்றே சொல்லலாம். ஊறவும் வேகவும் நேரம் எடுக்கும். வந்த பிறகு பாயசம் வைத்துச் சாப்பிடுங்கள்.

தட்டுவடை கொண்டுபோக ஆசைப்பட்டால், நடுவில் வைக்கும் காயும் சட்னியும் இல்லாமல் வெறும் தட்டை மட்டும். நொறுங்காமல் இருக்க டப்பாவில்.

இமயம்_போன_ஓமலூரான்

அக்காவோடு ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. விடியலில் சூடாக ஒரு டம்ளர் குடிக்காமல் நடக்கச் சொல்வது எல்லோருக்கும் ஆகாது. 25 கிராம் டைட்டானியம் ஸ்டவ் கிடைக்கிறது, பிஆர்எஸ்-3000டி என்று. அதோடு 230 கிராம் கேஸ் சிலிண்டர், டப்பாவோடு நிறுத்தால் 370, 380 வரும். ஒரு அலுமினியப் பாத்திரம் 120. மொத்தம் அரைக் கிலோ சொச்சம், மூன்று பேருக்கு. ஆளுக்கு 180 கிராம். இதில் கிடைக்கும் சுகத்துக்கு இது பெரிய எடை இல்லை.

முக்கியமாக, தம்பி அடுத்த வருஷம் இமயத்துக்குப் போகிறார். அங்கே 3,500, 4,000 மீட்டரில் குளிர்ந்த அவலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் உடம்பு சூடேறாது. சூடான பானம் அங்கே மருந்து மாதிரி. அதே சமயம், அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி லேசில் வேகாது. வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற அவல் அங்கேயும் ராஜா. ஆக, அவல் இரண்டு இடத்துக்கும் சரி, ஸ்டவ்தான் இடத்தைப் பொறுத்தது.

இன்னொன்று, சிலிண்டரை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோக முடியாது. நடை தொடங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும்.

காப்பிக்காடு

ஓமலூர் நண்பரே, இமயத்துக்கு நீங்கள் சொல்வது சரி. இந்த மலைக்கு, இந்த மாதத்துக்கு, ஸ்டவ் வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன். ஒரு பொறி போதும். வெந்நீர்தானே வேண்டும்? தங்குகிற வீட்டில் கேட்டால் காப்பியே போட்டுக் கொடுப்பார்கள். ஏற்காட்டிலும் போகிற வழி ஊர்களிலும் டீக்கடை இருக்கிறது. 200 கிராம் சுமக்காமல் இருப்பதற்காகச் சொல்லவில்லை, சருகுக்குப் பயந்து சொல்கிறேன்.

அப்புறம் குரங்கு. மலைப் பாதையில் பையின் வெளி வலைப் பாக்கெட்டில் கடலை மிட்டாய் வைக்காதீர்கள். பையையே கிழித்துவிடும். இரவில் சாப்பாட்டை ஒரே பையில் கட்டி, தங்கும் இடத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். காட்டெருமை தோட்டத்துக்குள் வருவது உண்டு. கண்டால் படம் எடுக்கப் பக்கத்தில் போகாமல், அது போகிற வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் தோட்டப் பாதையில் பேசிக்கொண்டே நடந்தால் நல்லது.

மருந்துப்பெட்டி_அழகாபுரம்

செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகவைக்காத சாப்பாடு என்றால், ஊறவைக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். கொதிக்கவைக்கும்போது கிருமி போய்விடும். பச்சைத் தண்ணீரில் ஊறிய அவலில் எதுவும் போகாது. ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் மாத்திரை போட்டால் குறைந்தது 30 நிமிஷம் காத்திருங்கள். ஸாயர் போன்ற குழல் வடிகட்டி 100 கிராமுக்குள் இருக்கும், பாக்டீரியாவைத் தடுக்கும். ஆனால் இரண்டுமே பூச்சிமருந்தை எடுக்காது. காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கு இது பொருந்தும். அதனால் வீட்டுக் குழாய், ஊர்த் தொட்டி, கடை என்று தெரிந்த இடத்தில் நிரப்பி, அதன் மேல் மாத்திரையும் போடுங்கள்.

தண்ணீரின் எடையைக் குறைக்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதை மாற்ற முடியாது. மாற்றக் கூடியது பாட்டில். ஸ்டீல் பாட்டில் 300 கிராமுக்கு மேல், சாதாரண பெட் பாட்டில் 30 கிராம்கூட இல்லை. அடிவாரத்திலிருந்து ஏறும்போது 1,200 மீட்டருக்கு மேல் உயர்கிறீர்கள், முதல் பாதியில் கீழ்நாட்டு வெயில் இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டரோடு கிளம்புங்கள்.

மருந்துப் பையில் எடை பார்க்க வேண்டாம். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலம் 20 கிராம் சொச்சம்தான், ஆளுக்கு மூன்று வையுங்கள். க்ரேப் பேண்டேஜ் ஒன்று, காலில் கொப்புளம் வரும் இடத்தில் முன்கூட்டியே ஒட்ட மைக்ரோபோர் டேப், பாராசிட்டமால், அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. நெற்றியில் கட்டும் டார்ச், விசில். பாம்பு கடித்தால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இவை எல்லாம் கூடினாலும் 400 கிராம் வராது. யாராவது “டார்ச்சுக்குப் பதில் போனே போதும்” என்றால் கேட்காதீர்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் வெளிச்சமும் உதவியும் ஒன்றாகப் போகும்.

செவ்வாய்ப்பேட்டை_தராசு

துணி 2.1 கிலோ என்பது அதிகம். ஜீன்ஸ் இருக்கிறதா? எடுத்து வெளியே வையுங்கள். நனைந்தால் இரண்டு நாள் காயாது. நடக்க ஒரு செட், படுக்க ஒரு செட், கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ், ஸ்வெட்டர், மழைக் கோட்டு. துவைத்துக் காயவைக்கிற மாதிரி பாலியெஸ்டர் பனியன். டர்க்கி டவல் அரைக் கிலோ வரும். ஈரிழைத் துண்டு அதில் கால்வாசிகூட இல்லை, அரை மணியில் காயும், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், குளிருக்குக் கழுத்தில் சுற்றலாம். இத்தனைக்கும் உதவுகிற ஒரே பொருள் எனக்குத் தெரிந்து அதுதான்.

பைக்கு மேலே மழை உறை வாங்காதீர்கள். கெட்டியான பெரிய பாலித்தீன் பையைப் பேக்குக்குள் விட்டு, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிவிட்டால் ஒரு சொட்டு உள்ளே போகாது.

காலுக்கு என்ன போடுகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே? காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் நாலைந்து கிலோ சுமப்பதற்குச் சமம் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கனமான தோல் பூட்ஸ் என்றால், இவ்வளவு குறைத்ததும் வீண்.

கன்னங்குறிச்சி_நடை

எல்லோருக்கும் நன்றி. மறுபடி நிறுத்தேன். 40 லிட்டர் பை ஒன்று மாமாவிடம் இருந்தது, 1.1 கிலோ. டார்ப்பில் என் பங்கு 480 கிராம். இரவல் ஸ்லீப்பிங் பேக் 950, ஃபோம் 220, துணி எல்லாம் சேர்த்து 900. 20,000 பவர் பேங்கை விட்டுவிட்டு 10,000 எடுத்தேன், 220. மருந்தும் டார்ச்சும் 380. பாட்டில் இரண்டு, டப்பா, ஸ்பூன், சில்லறை எல்லாம் 240. கூட்டினால் 4,490 கிராம். சாப்பாடு 1.6 கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர். முதுகில் மொத்தம் 8 கிலோ சொச்சம். ஸ்டவ் இல்லை, காப்பிக்காடு அண்ணா. ஷூ, ஓட்டப் பயிற்சிக்குப் போடும் சாதாரண ஷூதான். அதுவே போதுமா?

அக்கா, மூன்று பேருக்கும் சேர்த்து அவல் எவ்வளவு வாங்க?

இமயம்_போன_ஓமலூரான்

அடிப்பகுதி தேயாமல் பிடிமானம் இருந்தால் போதும். குப்பனூர் இறக்கத்தில் கால்விரல் முன்னால் போய் இடிக்கும், அதனால் அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். புது ஷூ என்றால் இப்போதிருந்தே தினமும் போட்டு நடங்கள். இமயத்துக்கு இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். படுக்கையும் துணியும் அங்கே வேறு. போகும் முன் இங்கே வந்து கேளுங்கள்.

அம்மாபேட்டை_சமையல்

ஆளுக்கு நாளைக்கு 150 கிராம், மூன்று பேர், மூன்று நாள் என்றால் 1,350 கிராம். ஒன்றரைக் கிலோ கெட்டி அவல் வாங்குங்கள். வாங்கியதும் புடைத்து, வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். புளிக்காய்ச்சலுக்கு 100 கிராம் புளியும் 150 மில்லி நல்லெண்ணெயும் சரியாக இருக்கும். உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள், வியர்க்க வியர்க்க நடப்பவர்களுக்கு அது வேண்டும். யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் இப்போதே சொல்லுங்கள், எள்ளுருண்டைக்கு அளவு தருகிறேன்.